லீவு நாள் மாத்திரை

முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் பயணிகள் என்னைப் பாராட்டி எழுதிய கடிதம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் என் மூத்திரத்துக்குக் கிடைத்தது.

என் ரூட்டில் ஒரு நடைக்கு நாற்பத்தோரு ஸ்டாப். போக ஒரு மணி பத்து நிமிடம், வர ஒரு மணி பத்து நிமிடம். பாதி வழியில் ஒரு பழைய கிடங்கு, அதற்கு நீளமான ஒரு சுவர். அந்த இடம் வரும்போது வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இரும்புக் கம்பியோடு இறங்குவேன். பின் சக்கரங்களைக் கம்பியால் ரெண்டு தட்டு தட்டுவேன். குனிந்து பார்த்துத் தலையை ஆட்டுவேன். அப்படியே சுவருக்குப் பின்னால் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்து ஏறுவேன். மொத்தம் மூன்று நிமிடம். தினம் நாலு நடை, நாலு தடவை டயர் சோதனை.

இதை ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தொடர்ந்து கவனித்திருக்கிறார். அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். நடுவழியில் இறங்கி டயரைப் பரிசோதிக்கும் ஓட்டுநரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும், இவரைப் போல் நாலு பேர் இருந்தால் சாலை விபத்தே இருக்காது என்றும் எழுதியிருந்தார். அலுவலகத்தில் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். என் கண்டக்டர் அதைச் சத்தம் போட்டுப் படித்தான். முடிக்கும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பை அடக்கி அடக்கி.

"அண்ணே, இந்த ஊர்லயே அதிகமா மரியாதை கிடைக்கிற டயர் நம்ம டயர்தான்" என்றான்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை. இந்தக் கோடியில் டிப்போ இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. அந்தக் கோடியில் ஒரு தகரக் கூரை, ஒரு டீக்கடை, கையெழுத்துப் போட ஒரு நேரக் காப்பாளர். அவ்வளவுதான். கழிப்பறை கட்டித் தாருங்கள் என்று நாங்கள் மனுக் கொடுக்க ஆரம்பித்தபோது எனக்கு முடி கறுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அங்கே எண்கள் ஓடும் கடிகாரம் வைத்தார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள், நாங்கள் நேரத்துக்கு வருகிறோமா என்று பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். ஓட்டுநருக்கும் சிறுநீர்ப்பை என்று ஒன்று உண்டு என்பது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

வயது அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டில் ஓய்வு கொடுத்துவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். வருடா வருடம் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு ஒரு காகிதம் கொடுப்பார்கள், அதை வைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். நான் சொல்லப்போகிற சமாசாரம் நடந்தபோது அந்தக் காகிதத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. ஒப்பந்தக்காரனுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. சம்பளம் உண்டு, ஸ்டியரிங் உண்டு, உடம்பு மட்டும் சொந்தப் பொறுப்பு.

முதலில் போனது தனியார் டாக்டரிடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, நடுவில் குழாய். வயதானால் சுரப்பி வீங்கும், வீங்கினால் குழாயை நெரிக்கும். டீசல் பைப் நசுங்கினால் எஞ்சின் எப்படி இருமும் என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே புரிந்துவிட்டது.

"பயப்படாதீங்க. வயசானா ஆம்பளைங்க பாதிப் பேருக்கு வர்றதுதான்" என்றார்.

பாதிப் பேருக்கு வருவதற்கு மருந்து விலை ஏன் இப்படிக் கையைக் கடிக்கிறது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடித்து, தினம் இரவு ஒரு கேப்சூல், விடாமல் போட வேண்டும், வாழ்நாள் முழுக்க என்று எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் ஒரு மாதத்துக்கு வாங்கினேன். ஆறு நாள் சம்பளம். மாதத்தில் நான் வேலை செய்வதே இருபத்திரண்டு நாள். அதில் ஆறு நாள், இருபத்து நாலு நடை, என் சிறுநீர்ப்பைக்காக மட்டும் ஓட்ட வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டால் ஒரே அடியாகத் தீரும் என்றும் சொன்னார். அது எட்டு மாதச் சம்பளம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் பெயர் எழுதி வைத்துவிட்டு ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். எழுதி வைத்தேன்.

மாத்திரை போட்டால் வண்டி ஓட்டலாம். வண்டி ஓட்டினால்தான் மாத்திரை வாங்கலாம். டிப்போவுக்குள்ளேயே வட்டம் அடிக்கிற வண்டி மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு.

அதே கேப்சூல் அரசு ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்டக்டர் விசாரித்து வந்து சொன்னான். மாதம் ஒரு தடவை, நமக்குக் குறித்த நாளில், அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். ஜன்னல் எட்டரைக்குத் திறக்கும். ஐந்தரைக்கே வரிசை நிற்கும். லீவு நாளாகப் பார்த்துப் போனேன்.

அந்த வரிசையைப் பற்றி எவ்வளவு திட்டினாலும் எனக்கு ஆறாது. சுவரை ஒட்டி முப்பது கிழவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு என் வியாதிதான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டிய அந்த இடத்தில் கழிப்பறை இல்லை. இருந்த ஒன்றுக்கும் பூட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் காவலாளி வானத்தைப் பார்க்கிறான். மூத்திரம் அடக்க முடியாதவனுக்கு மருந்து தருகிற இடம், மூன்று மணி நேரம் அடக்கி நின்று காட்டினால்தான் மருந்து தருமாம். இதை உட்கார்ந்து யோசித்தவன் எவனோ, அவனுக்கு ஒரு நாள் அறுபது வயது ஆகும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது முட்டினால், "டீ குடிச்சிட்டு வர்றேன், இடத்தைப் பாத்துக்கங்க" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போவார். பின்பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குத்தான் போகிறார், டீக்கடைக்கு இல்லை. திரும்பி வருகிறவர் யார் வாயிலும் டீ வாசனை இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். நானும் டீ குடிக்கப் போனேன், இரண்டு தடவை. இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது, எனக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தவரும் டீ குடிக்கப் போயிருந்தார். ஆள் இல்லாத பையை எல்லாம் காவலாளி காலால் ஓரம் தள்ளிவிட்டு வரிசையைச் சுருக்கியிருந்தான். என்னைக் கடைசியில் போய் நிற்கச் சொன்னான். அவனோடு சண்டை போட்டேன். சண்டை போடுகிற மும்முரத்தில் மூன்றாவது டீ வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம், ஈரத்தோடு வெறுங்கையாக வீடு வந்தேன்.

வீட்டில் அவள் தையல் மெஷினில் இருந்தாள். என் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கடைக்காரர்கள் துணியை வெட்டிக் கொடுப்பார்கள், இவள் தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் பேண்ட்டை மாற்றிக்கொண்டு வந்து, செத்தாலும் அந்த வரிசையில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்றேன். அவள் ஈரப் பேண்ட்டை எடுத்து வாளியில் போட்டாள். இரண்டு நாள் கழித்து, சீருடை கொடுக்கப் போகிற தெருவில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது, தெரிந்தவர்கள், அதே கேப்சூலை நாலு நாள் சம்பளத்துக்குத் தருகிறார்கள், இனிமேல் நானே வாங்கி வருகிறேன், சீட்டையும் அட்டையையும் இங்கே கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். மாதா மாதம் நாலு நாள் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். அவள் கேப்சூல்களை உறையிலிருந்து பிரித்து, நூல்கண்டு வரும் தகர டப்பாவில் போட்டுத் தருவாள். ஈரம் படாமல் இருக்குமாம். அவள் எதையும் சுத்தமாகச் செய்கிறவள், நானும் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன்.

எனக்கு வாரத்தில் ஐந்து நாள் டூட்டி, இரண்டு நாள் லீவு. முதல் டப்பா வந்த வாரமே எனக்குள் ஒரு யோசனை உதித்தது. லீவு நாளில் வீட்டில்தானே இருக்கிறேன், கழிப்பறை பத்தடி தூரத்தில் இருக்கிறது. எத்தனை தடவை போனால் என்ன? அன்றைக்கு எதற்கு மாத்திரை? ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு யாராவது டீசல் ஊற்றுவார்களா? முப்பத்திரண்டு வருடம் டீசல் மிச்சம் பிடித்துப் பரிசு வாங்கிய மூளை அல்லவா, அது வேறு எப்படி யோசிக்கும்? டூட்டிக்கு முந்தின இரவு மாத்திரை, லீவுக்கு முந்தின இரவு கிடையாது. மிச்சமானதை அவளுடைய இன்னொரு நூல்கண்டு டப்பாவில் போட்டு, பஸ்ஸின் கருவிப் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மாதம் எட்டு, ஒன்பது சேர்ந்தது. முப்பது சேர்ந்ததும் அவள் முன்னால் வைத்து, "இந்த மாசம் வாங்க வேண்டாம், அந்தக் காசுல உனக்கு ஏதாவது வாங்கிக்க" என்று சொல்லப்போகிறேன். அவள் முகம் எப்படி மாறும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எத்தனையோ நடை யோசித்திருக்கிறேன்.

லீவு நாள் இரவுகளில் நாலைந்து தடவை எழுந்து போனேன். டூட்டி நாளில் ஒன்று, இரண்டு. இந்த வித்தியாசம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. வீட்டில் இருக்கும் நாளில்தான் இவருக்கு அதிகமாகிறது, ஆக நம் சமையலில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டாள். லீவு நாளில் எனக்கு உப்பைக் குறைத்தாள், புளியை விட்டாள், சாயங்கால டீயை நிறுத்தினாள். எனக்காகத் தானும் நிறுத்தினாள். நான் உண்மையை மென்று முழுங்கிக்கொண்டு அந்தச் சப்பைச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

லீவு முடிந்து டூட்டிக்குப் போகிற முதல் நாள் காலையில் மட்டும், எழுந்திருக்கும்போது லேசாகத் தலை சுற்றும். கண்ணில் ஒரு இருட்டு வந்து போகும். லீவு நாள் சோம்பல் என்று நினைத்தேன். வேறு என்னவென்று நினைப்பது, மருந்தைப் பற்றி நினைத்தால் என் சேமிப்பைப் பற்றியும் நினைக்க வேண்டும்.

டப்பாவில் இருபத்தாறு சேர்ந்திருந்தது. லீவு முடிந்த முதல் நாள், முதல் நடை. கிடங்குச் சுவர் வந்தது. ஓரங்கட்டினேன், எஞ்சினை அணைத்தேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், கம்பியோடு இறங்கினேன். டயரைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தேன். நிமிர்ந்தது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது.

சக்கரத்தின் போல்ட்டில் நெற்றி இடித்து விழுந்தேன் என்று கண்டக்டர் பிறகு சொன்னான். வண்டியில் முப்பத்தெட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். பாராட்டுக் கடிதம் எழுதிய வாத்தியாரும் இருந்திருக்கிறார், அவருடைய கைக்குட்டையால்தான் ரத்தத்தை அழுத்திப் பிடித்தார்களாம். பக்கத்தில் இருந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நெற்றியில் ஒன்பது தையல். மூளையில் அடி பட்டிருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். அடியில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு ராத்திரி படுக்கை.

அவள் முந்தானையில் குத்திய ஊசியோடு ஓடி வந்திருந்தாள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். கேப்சூல் பெயரைச் சொன்னேன். தினமும் போடுகிறீர்களா என்றார். போடுகிறேன் என்றேன்.

"ஒரு நாளும் விட்டதில்லை. நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்" என்றாள் அவள், சாட்சி சொல்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்டக்டர் உள்ளே வந்தான். என் சாப்பாட்டுப் பை, கண்ணாடி, கருவிப் பெட்டியில் இருந்த என் பொருள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கட்டில் மேல் வைத்தபோது டப்பா கலகலவென்று சத்தம் போட்டது. அவள் தன் நூல்கண்டு டப்பாவை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். எடுத்துத் திறந்தாள். உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். டாக்டரம்மா வாங்கி எண்ணினார்.

டீசல் கணக்கைச் சொன்னேன். வேறு வழி இல்லை. கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்த மருந்தை விட்டுட்டு மறுபடி போட்டா, எழுந்து நிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கும். நீங்க வாரா வாரம் அதைத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "உடம்புக்கு லீவு நாள் கிடையாதுங்க. ஸ்டியரிங்ல உக்காந்திருக்கும்போது ஆகியிருந்தா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. முப்பத்தெட்டுப் பேர். எனக்கு வருகிற கோபத்துக்கு ஊரில் எத்தனையோ பேர் கிடைக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கோபப்பட என்னைத் தவிர ஆள் இல்லை.

மறுநாள் பில் வந்தது. பதினெட்டு நாள் சம்பளம். எனக்கு மறுபடி தலை சுற்றியது. அவள் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். பிரித்தால் நோட்டுகள். எல்லாம் நான் கொடுத்த நோட்டு, நான் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தது. பதினாறு நாள் சம்பளம். மீதி இரண்டு நாளுக்குக் கண்டக்டர் கொடுத்தான்.

இது ஏது என்று கேட்டேன். மருந்துக்கடை என்று ஒன்று இல்லவே இல்லை. அந்தச் சீட்டையும் அட்டையையும் வாங்கிய நாளிலிருந்து இவள்தான் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றிருக்கிறாள். நான் முதல் நடைக்குப் போன பிறகு கிளம்பி, நான் திரும்புவதற்குள் மெஷினில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நாலு மாதம், நாலு தடவை. நான் கொடுத்த காசை மெஷின் இழுப்பறையில் போட்டு, என் ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரி சொன்ன ஒன்றரை வருடத்தை அவள் நம்பவில்லை. இப்படியே போனால் நாலு வருடத்தில் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நாலு வருடம்.

"நின்னியா?" என்றேன்.

"நின்னேன். அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவளுக்குக் கோபம் வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். "நான் காசை மிச்சம் பிடிச்சேன். நீங்க மாத்திரையை மிச்சம் பிடிச்சீங்க. ரெண்டையும் சேர்த்து இங்க கட்டியாச்சு. உப்பில்லாம வேற தின்னோம்."

அலுவலகத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேலாளர் மேசை மேல் வாத்தியாரின் கடிதம் இருந்தது, பலகையிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருந்தார். டாக்டர் அறிக்கையும் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் டயர் சோதனையின் ரகசியம் யாருக்கும் புரிந்துவிடும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது, என் கையில் ஒன்றும் இல்லை என்றார். நான் சண்டை போடவில்லை. அந்தக் கோடியில் ஒரு கழிப்பறை கட்ட என்ன செலவாகும் என்று மட்டும் கேட்டேன். அது வேறு பிரிவு பார்க்கிற வேலை என்றார். எந்தப் பிரிவு என்று கேட்டேன். அவர் கோப்பை மூடிவிட்டார். கிளம்பும்போது இலவசப் பயண அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

சேர்த்து வைத்த இருபத்தாறு கேப்சூலும் தீர்கிற வரைக்கும், தினம் ஒன்றாக, அவள் கண் முன்னால் போட்டேன். அதோடு அட்டையில் குறித்த நாளும் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், அவளுக்கு நூற்றுக்கணக்கில் சீருடை பாக்கி. நான் போகிறேன் என்றேன்.

"உங்களால நிக்க முடியாது."

"எனக்கு இனிமே எல்லா நாளும் லீவுதானே."

அவளுடைய பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சீருடைத் துண்டுகளை ஒட்டுப் போட்டு அவளே தைத்த பை, மூன்று நிறம். வரிசையில் போய் நின்றதும் முன்னால் இருந்த கிழவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையைப் பார்த்தார்கள்.

"தூணம்மா வரலையா?" என்றார் ஒருவர்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார்கள். இந்தப் பையைக் கொண்டுவருகிற அம்மா வந்து நின்றால் ஜன்னல் திறக்கும் வரை அசைய மாட்டாளாம். தூண் மாதிரி நிற்பாளாம். அதனால் அவள் வருகிற நாளில் எல்லாரும் தங்கள் பையை அவள் காலடியில் வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவார்களாம். ஒரு தடவை காவலாளி பைகளைத் தள்ள வந்தபோது, ஒவ்வொரு பையையும் காட்டி, இன்னாருடையது, இன்ன நிறச் சட்டை, இத்தனாவது ஆள் என்று பதினோரு பேரையும் வரிசையாகச் சொன்னாளாம். அதிலிருந்து அவன் அவள் பக்கமே வருவதில்லை.

"அந்தம்மா ஒரு டீக்குக்கூடப் போனதில்லை. கொடுத்து வெச்ச உடம்பு" என்றார் இன்னொருவர், பொறாமையாக.

தூண் இல்லாத நாளில் என்ன செய்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. பெட்ரோல் பங்குக்குப் போய் வர ஏழு நிமிடம். ஒருத்தர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர் கிளம்ப வேண்டும், அவசரம் உள்ளவர் முதலில் என்று நடை பிரித்துக் கொடுத்தேன். காவலாளி வந்து பார்த்தான், அவனுக்குத் தள்ள ஒரு பையும் கிடைக்கவில்லை. என் முறையைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். அது தவறு. என் முறை வந்த நேரம் ஜன்னல் திறந்துவிட்டது, வரிசை நகர ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் இருந்த ஒவ்வொரு ஆளும் அட்டையை நிதானமாகத் தேடி எடுக்கிறார், எனக்கு நெற்றித் தழும்பில் வியர்வை எரிகிறது.

ஜன்னலில் இருந்த பெண் அட்டையில் முத்திரை குத்தி, கேப்சூல்களைத் தள்ளினாள். நான் எடுத்துக்கொண்டு ஓடப் போனேன். அவள் பின்னால் திரும்பி, ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

நான் கேட்கவில்லையே என்றேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பையைப் பாத்து அந்தம்மான்னு நினைச்சுட்டேன். மாத்திரையை வாங்கினதும் அவங்க மொதல்ல தண்ணிதான் கேப்பாங்க. முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்களாம். பொம்பளைங்க போறதுக்கு இங்க எங்க இடம் இருக்கு?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி சாயங்கால டீயை நிறுத்தியது எனக்காக மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த வரிசைக்கும் சேர்த்துப் பழகியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் முழு டம்ளரையும் குடித்தேன். குடிக்கக் கூடாது, குடித்தால் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரியும். வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டி வந்தது. பயண அட்டை போய்விட்டதால் நாலு டிக்கெட் ஆயிற்று.

அவள் மெஷினிலிருந்து தலை தூக்காமல், கிடைச்சுதா என்றாள். பையை மேசை மேல் வைத்தேன். சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வந்து அவள் முன்னால் நீட்டினேன். இப்போது தாகம் இல்லை என்றாள்.

"நாலு மாசத்துக்கும் சேர்த்துக் குடி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தாள், மெஷின் நின்றது. இரண்டு கையாலும் சொம்பை வாங்கிக் குடித்தாள்.